அருஞ்சுனையின் நாலு நிமிஷம்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மணி பார்க்கச் செல்போனை எடுக்கிறவன் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரன் அருஞ்சுனையின் இடது கையைப் பார்ப்பான்.

அருஞ்சுனை தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். ஒரு பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பெர்மிட்டில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்த மணி எப்போது ஆகிறது என்று சொல்கிற பொறுப்பு அருஞ்சுனையுடையது. அவர் விசில் ஊதினால்தான் மாலை ஐந்து நாற்பத்திரண்டு. ஊதாத வரைக்கும் ஐந்து நாற்பத்தொன்றுதான், சூரியன் என்ன சொன்னாலும்.

பிறந்தது திருச்சுழிக்குத் தெற்கே, வானம் பார்த்த பூமியில். அவருடைய அப்பா வானத்தைப் பார்த்துப் பார்த்தே கழுத்து சுளுக்கிச் செத்தவர். மகன் வானத்தைப் பார்ப்பதில்லை என்று பதினாறு வயதில் முடிவு செய்து ரோட்டைப் பார்த்தார். முதலில் கிளீனர். பிறகு பத்தொன்பது வருஷம் கண்டக்டர். ஒரு பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே டிக்கெட் கிழித்தபோது கீழே விழுந்து முழங்கால் சில்லு நகர்ந்துபோனது. ஓட முடியாதவன் நிற்கவாவது செய்வான் என்று பஸ் முதலாளிகள் சங்கம் அவரை டைம் கீப்பர் ஆக்கியது. ஐம்பத்தேழு வயதில், மூன்றாம் நம்பர் நடைமேடைத் தூணோடு தூணாக அவர் நிற்கிறார். தூணுக்கு மட்டும் விசில் கிடையாது.

முன்பு கட்டியிருந்தது முள் வாட்ச். அதனால் தினமும் சண்டை. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் முள் நாற்பதில் இருக்கும். அந்தப் பக்கம் நின்று பார்த்தால் நாற்பத்தொன்றில் இருக்கும். ஒவ்வொரு கண்டக்டரும் தனக்கு வசதியான பக்கத்தில் நின்றுதான் பார்ப்பான். இந்தச் சண்டையை ஒழிப்பதற்காக, இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜையில் சங்கச் செயலாளர் சௌந்தரபாண்டியன் ஒரு டிஜிட்டல் வாட்ச் வாங்கி, பொரிகடலைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

"இனி எவனும் சாஞ்சு பாக்க முடியாது. நம்பருக்கு ஏதுய்யா சாய்வு?" என்றார்.

வாட்சோடு தீப்பெட்டி அளவுக்கு மடித்த ஒரு காகிதம் வந்தது. விரித்தால் வேட்டி அளவு. பதினோரு மொழியில் விளக்கம் இருந்தது. தமிழ் இல்லை. அருஞ்சுனை அதை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு முகப்பில் செல்போன் கடை வைத்திருக்கும் நாகமணியிடம் போனார். நெசவாளர் வீட்டுப் பெண். அம்மாவோடு போனில் கன்னடத்தில் சண்டை பிடித்துக்கொண்டே வாட்சை வாங்கிப் பார்த்தாள்.

"பட்டன் நாலுண்ணே. இது லைட்டு. இது மாத்திக்கிட்டே போறது. அலாரம் அஞ்சு வச்சுக்கலாம். ஓட்டப்பந்தய மணி இருக்கு. மணிக்கொருக்கா கீச்சுனு சத்தம் குடுக்கும், வேணுமா?"

"இருக்கட்டும். இது என்ன, ஊரு பேரா ஓடுது?"

"வெளிநாட்டு டைமுண்ணே. எந்த ஊருல என்ன மணின்னு காட்டும்."

"அருப்புக்கோட்டை இருக்கா?"

"டெல்லிதான் இருக்கு. டெல்லிக்கும் நமக்கும் ஒரே டைமுதான்."

"அவுகளுக்கும் நமக்கும் என்னைக்கு ஒண்ணா இருந்துச்சு?" என்று சொல்லிவிட்டு, டெல்லியைத் தாண்டிப் போகச் சொன்னார்.

கடைசியாக அவள் அந்த விஷயத்தைச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் விற்காத பொருளுக்குக்கூட முழு விளக்கம் கொடுக்கிற நேர்மையான பெண்.

"டைம் சரி பண்ணணும்னா இந்த இடது பட்டனை அமுக்கிப் புடிங்க. செகண்டு மினுங்கும். அப்ப வலது பட்டனை ஒரு தட்டு தட்டுனா செகண்டு சைபருக்கு வந்துரும். ஒண்ணு மட்டும் கவனிக்கணும். செகண்டு முப்பதுக்குக் கீழ இருக்கையில தட்டுனா, அத்தனை செகண்டும் பின்னால போயிரும். முப்பதைத் தாண்டித் தட்டுனா, ஒரு நிமிசம் கூடிரும். பாத்து அமுக்குங்க."

அருஞ்சுனை பார்த்துத்தான் அமுக்கினார். அதுதான் பிரச்சினை.

அன்றிரவு அவர் மனைவி பொன்னுத்தாய், மணிக்கொரு தரம் கீச்சென்ற சத்தம் கேட்டுப் புரண்டு புரண்டு படுத்தாள். "தெக்குச் செவுத்துப் பல்லி மாதிரியில்ல கத்துது. தெக்க சொன்னா நல்லதுக்கில்ல. அத அமத்துங்க" என்றாள். அவர் சத்தத்தை அமர்த்தினார். மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் களவு ஒரு மார்கழிச் சாயங்காலம் நடந்தது. களவு என்றால் பெரிய வார்த்தை. இருபத்தெட்டு வினாடி.

திருச்சுழி வழியாக வீரசோழன் போகிற 'பவளக்கொடி' ஐந்து நாற்பத்திரண்டுக்கு எடுக்க வேண்டும். அதற்குப் பின்னால் அதே ரோட்டில் ஐந்து நாற்பத்தேழுக்கு 'மரகதவேல்'. பவளக்கொடியின் கண்டக்டர் அசோக், கடைவீதித் திருப்பத்தில் ஓடிவரும் ஒரு கல்யாணக் கூட்டத்தைப் பார்த்துவிட்டான். பத்துப் பதினைந்து பேர், பெண்டு பிள்ளைகளோடு.

"அண்ணே, அர நிமிசம்ணே. அங்கன பாருங்க, வந்துட்டாக."

"ஏலே, டைமுன்னா டைமு. மரகதவேல்காரன் என் கழுத்தப் புடிப்பான்."

"ஒங்க கையில இருக்கிற மணிண்ணே அது. நீங்க வச்சதுதான சட்டம்?"

அந்த வாக்கியம் அருஞ்சுனைக்குப் பிடித்திருந்தது. நாற்பது வருஷ பஸ் வாழ்க்கையில் ஏய், ஓய், யோவ் என்றுதான் அவரை அழைத்திருக்கிறார்கள். சட்டம் என்று யாரும் சொன்னதில்லை. வாட்சில் 5:41:28 ஓடிக்கொண்டிருந்தது. துண்டைத் தூக்கித் தோளில் போடுகிற சாக்கில் கையை மறைத்து, அமுக்கிப் பிடித்து, தட்டினார். 5:41:00. கல்யாணக் கூட்டம் ஏறியது. பிறகு வாட்ச் நியாயமாக 5:42 காட்டியது. விசில் ஊதினார். மரகதவேல் கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்தான். நம்பரில் சாய்வு இல்லை. திரும்பிப் போய்விட்டான்.

அருஞ்சுனை அநியாயக்காரர் இல்லை. பவளக்கொடிக்குக் கொடுத்ததை மறுநாள் மரகதவேலுக்கும் கொடுத்தார். அதற்கடுத்த நாள் காரியாபட்டி வண்டிக்கு. காலையில் பின்னுக்குத் தள்ளியதை மாலையில் முப்பது தாண்டித் தட்டி ஈடுகட்டிவிட வேண்டும் என்று ஒரு கொள்கையும் வைத்திருந்தார். நம் ஊரில் கொள்கைக்கு என்ன குறைச்சல்? ஆனால் நேரத்தைக் கொடுக்கும்போது டீ வாங்கிக் கொடுக்கிறவர்கள், எடுக்கும்போது அம்மா அப்பாவை இழுத்துப் பேசினார்கள். எனவே கொடுப்பது தினமும் நடந்தது. எடுப்பது நல்ல நாள் பார்த்து நடந்தது.

இப்படி ஏழெட்டு மாதத்தில், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு உலகத்துக்கு நாலு நிமிஷம் பின்னால் போய் நின்றது.

யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்கலாம். கையில் செல்போன் வைத்திருக்கிறவன் எல்லாம் பார்த்தான். பார்த்து என்ன? இந்த ஊரில் எந்த வீட்டிலும் சுவர்க் கடிகாரம் சரியான மணி காட்டாது. பத்து நிமிஷம் கூட்டித்தான் வைப்பார்கள், பஸ்ஸை விட்டுவிடக் கூடாதே என்று. ஆகவே இரண்டு கடிகாரம் இரண்டு மணி சொன்னால் யாரும் திடுக்கிட மாட்டார்கள். எது பஸ் மணி என்று மட்டும் கேட்பார்கள். மேலும், கண்டக்டர்கள் தினமும் காலையில் டிக்கெட் மிஷினைக் கொண்டுவந்து அருஞ்சுனையின் கையோடு ஒட்டவைத்து மணி போட்டுக்கொள்வார்கள். அதற்கு 'டைம் சேர்க்கிறது' என்று பெயர். அதனால் ஒவ்வொரு டிக்கெட்டிலும் அருஞ்சுனையின் மணிதான் அச்சானது. ஊரே ஒத்துப்போனால் அதற்குப் பெயர் பொய்யா?

ஊருக்குள் ஒத்துப்போகாத ஒரே ஆள் பெத்தம்மாள். கருவாடு விற்கிறவள். கூடையோடு பவளக்கொடியில் ஏறி, ஊருக்குள் சாலை பிரிகிற ஒத்தப்பனை விலக்கில் இறங்குவாள். அவள் ஏறினால் முன் சீட்டில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். "ஆக்கித் தின்னயில மணக்கும், கூடையில இருந்தா நாறுமாக்கும்?" என்று கேட்டுக்கொண்டே கூடையை அவர்கள் காலடியிலேயே வைப்பாள். வாட்ச் கிடையாது, போன் கிடையாது. காது மட்டும் உண்டு.

"ஏய்யா மணிக்காரரே, மில்லுச் சங்கு ஊதி நான் ஒரு வெத்தல போட்டுத் துப்பிட்டேன். ஒங் கையில இன்னும் மணி ஆகலையா?"

"மில்லுக்காரன் முன்னாடியே ஊதிட்டான் ஆத்தா."

"அவன் எங்க அப்பன் காலத்துல இருந்து ஒரே நேரத்துலதான் ஊதுறான். ஒன் வாட்சுதான் கெர்ப்பமா இருக்கு. நாளுக்கு நாளு மெதுவா நடக்குது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அருஞ்சுனையும் சிரித்தார். கையை மட்டும் வேட்டிப் பக்கமாக இறக்கிக்கொண்டார்.

இன்னொரு ஆளும் இருந்தார். திருச்சுழி டைம் கீப்பர் சுப்புராஜ். அருஞ்சுனையோடு ஒரே வருஷத்தில் கிளீனராகச் சேர்ந்தவர். ஒரு நாள் போன் செய்தார்.

"ஏலே அருஞ்சுனை, ஒன் வாட்சுல தண்ணி கிண்ணி போயிருச்சாலே? ஒங்க ஊரு வண்டி எல்லாம் நாலு நிமிசம் பிந்தி வருது."

"ஏலே, இது அம்பது மீட்டர் ஆழத் தண்ணியில போட்டாலும் தாங்கும்லே. பின்னாலயே எழுதியிருக்கு."

"நம்ம பக்கம் அம்பது மீட்டர் தண்ணி எங்கலே கெடக்கு? முட்டளவு கெடந்தாச் சொல்லு, ரெண்டு பேரும் போயி விழுவோம்."

சுப்புராஜ் சிரித்தார். ஆனால் அவர் நோட்டில் 'லேட்' போடுவதை நிறுத்தவில்லை. திருச்சுழியில் ஒரு வண்டி மூன்று தடவை லேட் வாங்கினால் டிரைவர் ஒரு வாரம் வீட்டில் உட்கார வேண்டும். முதலாளிமாரின் ஏற்பாடு அது. ஆகவே அருப்புக்கோட்டையில் அருஞ்சுனை தாராளமாக வழங்கிய நாலு நிமிஷத்தைத் திருச்சுழிக்குள் யாராவது திருப்பிப் பிடித்தாக வேண்டும். நடுவில் இருப்பது ரோடு மட்டுமே. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், கண்மாய்க்கரை வளைவு, ஒத்தப்பனை விலக்கு.

பவளக்கொடியின் டிரைவர் முனீஸ்வரன் அதிகம் பேசாதவன். முப்பத்தாறு வயது. ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வண்டியை எடுப்பான். ஆவணியில் ஒரு நாள், வண்டி எடுப்பதற்கு முன்னால் இறங்கி அருஞ்சுனையிடம் வந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதீக. ஒங்க வாட்சுக்கும் திருச்சுழி வாட்சுக்கும் நாலு நிமிசம் வித்தியாசம் இருக்கு."

"சுப்புராஜ் வாட்சு முன்னால ஓடுதுப்பா. அவனும் அவன் வாட்சும் எப்பவுமே அவசரக் குடுக்க."

"என் போனும் அவுக சொல்ற மணிதாண்ணே காட்டுது."

"போன் டைமு டவருல வாரது. இது பஸ் டைமு."

முனீஸ்வரன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். "அந்த நாலு நிமிசத்த நான் ரோட்டுலதாண்ணே பொறுக்கி எடுக்கணும். ஏற்கெனவே ரெண்டு லேட்டு வாங்கிட்டேன். பொழுதடையிற நேரம், அந்த வளைவுல ஆடு நிக்கா, ஆளு நிக்கான்னு ஒண்ணும் தெரியல. எனக்கு என்னமோ நல்லதாப் படல."

சொல்லிவிட்டுப் போய் ஏறிக்கொண்டான். அருஞ்சுனை விசில் ஊதினார். ஊதி முடித்த பிறகும் விசில் வாயிலேயே இருந்தது.

அன்றைக்குத்தான் அவருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. ஒரேயடியாக நாலு நிமிஷத்தைக் கூட்டிவிடலாம் என்றால், ஒரே நாளில் எல்லா வண்டியும் நாலு நிமிஷம் முந்திக் கிளம்ப வேண்டியிருக்கும். ஏன் எதற்கு என்று கண்டக்டர்கள் கேட்பார்கள். சௌந்தரபாண்டியன் கேட்பார். தூணோடு தூணாக நிற்கிற இந்த வேலையும் போகும். அதனால் ஒரு திட்டம் போட்டார். தினமும் அரை நிமிஷம் திருப்பிக் கொடுப்பது. எட்டு நாள். யாருக்கும் தெரியாது.

முதல் நாள் அரை நிமிஷம் கூட்டினார். இரண்டாம் நாள் இன்னொரு அரை. மூன்றாம் நாள் மரகதவேல்காரனின் சொந்தக்காரர் ஒருவர் பெட்டி படுக்கையோடு ஓடி வந்தார், இருபத்தைந்து வினாடி போயிற்று. நாலாம் நாள் கூட்டினார். ஐந்தாம் நாள் அசோக் முறைத்தான். "என்னண்ணே, மிஷின்ல மணி சேத்துட்டுப் போறேன், சாயங்காலம் வந்தா ஒங்க வாட்சு முன்னால ஓடுது? என் வண்டிக்கு மட்டும் சூனியம் வைக்கீகளா?" ஆறாம் நாளும் ஏழாம் நாளும் அருஞ்சுனை கூட்டவில்லை, குறைக்கத்தான் செய்தார். எட்டாம் நாள் பார்த்தால், அசோக்கின் டீயும் கடைசி நிமிஷக் கூட்டமும் சேர்ந்து, திரும்பவும் நாலு நிமிஷத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன.

அவருக்குத் தூக்கம் வரவில்லை. சாயங்காலம் பவளக்கொடியை அனுப்பிய பிறகு, அது திருச்சுழி போய்ச் சேரும் வரைக்கும் தூணைவிட்டு நகராமல் நிற்க ஆரம்பித்தார். ஓட்டப்பந்தய மணியைத் தட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். இருபத்தெட்டு நிமிஷப் பாதை. இருபத்து நாலாவது நிமிஷத்தில் சுப்புராஜுக்குப் போன் போட்டு, "வந்துட்டானாலே?" என்பார். "வந்துட்டான், வந்துட்டான். ஒனக்கு என்னலே தெனமும் இம்புட்டு அக்கறை?" என்பார் சுப்புராஜ். வந்துவிட்டான் என்ற செய்தி நிம்மதி தராமல் பயத்தைக் கூட்டியது. இருபத்தெட்டு நிமிஷப் பாதையை இருபத்து நாலில் தாண்டிவிட்டான் என்றுதான் அதற்கு அர்த்தம்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை பவளக்கொடியில் கூட்டம். பெத்தம்மாள் கூடையோடு படிக்கட்டு ஓரம் நின்றாள். "மணிக்காரரே, சங்கு ஊதிருச்சு" என்று பாட்டு மாதிரி இழுத்தாள். அருஞ்சுனை அவளைப் பார்க்கவில்லை. வாட்ச் 5:42 காட்டியது. ஊதினார். நோட்டில் எழுதினார். பட்டனைத் தட்டினார். ஓட்டப்பந்தய மணி ஓடத் தொடங்கியது.

இருபத்து நாலாவது நிமிஷத்தில் சுப்புராஜுக்குப் போன் போட்டார்.

"இன்னும் வரலையே" என்றார் சுப்புராஜ்.

இருபத்தெட்டாவது நிமிஷத்தில், "வரல."

முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் சுப்புராஜே கூப்பிட்டார். குரலில் 'ஏலே' இல்லை.

ஒத்தப்பனை விலக்கில், ஆள் இறக்க ஓரம் கட்டும்போது வேகம் அடங்காமல் வண்டி கருவேலம் புதருக்குள் இறங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பதினோரு பேருக்குக் காயம். முனீஸ்வரனுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிவு. இறங்கத் தயாராகப் படிக்கட்டில் நின்ற பெத்தம்மாள் வண்டிக்கு அடியில் இருந்தாள். வெளியில் எடுக்கும்போது உயிர் இல்லை.

மறுநாள் காலை ஊர் முழுக்க ஒரே பேச்சு. வண்டி சரியான நேரத்துக்குத்தான் கிளம்பியிருக்கிறது. கிளம்பும்போது கொடுத்த டிக்கெட்டில் 5:42 இருக்கிறது. டைம் கீப்பர் நோட்டிலும் 5:42 இருக்கிறது. பிறகு என்ன அவசரத்துக்கு அப்படி ஓட்டினான்? குடித்திருப்பான் என்றது டீக்கடை. குடிக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சோதித்துச் சொன்னார்கள். அப்படியானால் போன் பேசியிருப்பான் என்றது அதே டீக்கடை. முனீஸ்வரன் மட்டும் வலியோடு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னானாம். "நாலு நிமிசம் பிந்தித்தான் என்னய விட்டாக. டைம் கீப்பர் அண்ணனக் கேளுங்க. அவுக சொல்லுவாக."

ஒன்பது மணிக்கு சௌந்தரபாண்டியன் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, துக்க வீட்டிலிருந்து வருகிறவரின் முகம். அருஞ்சுனையைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"போலீஸ்ல வாட்சக் கேப்பாக. இப்பவே சரி பண்ணிரு."

"அண்ணாச்சி..."

"கேளு. பஸ்ஸுல இருந்த மிஷின எடுத்துட்டுப் போயிட்டாக. அது நாலு நிமிசம் பின்னால ஓடுதுன்னு இந்நேரம் பாத்திருப்பாக. மிஷின்ல மணி போடுறது கண்டக்டர் பொறுப்பு. வண்டி டிரைவர் பொறுப்பு. ஒன் வாட்சு சரியா இருந்தா, அவனுகளே பிந்தி எடுத்துட்டு மிஷின மாத்திட்டானுகன்னு ஆயிரும். சங்கத்துக்குச் சேதாரமில்ல, ஒனக்கும் இல்ல."

"முனீஸ்வரன் உள்ள போயிருவானேண்ணாச்சி."

"ஒன் வாட்சு தப்புன்னா நீ போவ. ஒனக்கு முழங்காலும் சரியில்ல. உள்ள தரையிலதான் உக்காரணும்."

அவர் போன பிறகு அருஞ்சுனை இடது பட்டனை அமுக்கிப் பிடித்தார். எண்கள் மினுங்க ஆரம்பித்தன. வலது பட்டனைத் தொடவில்லை. மினுங்கி மினுங்கிப் பார்த்துவிட்டு, சில நிமிஷத்தில் வாட்ச் தானாகவே பழையபடி ஓடத் தொடங்கியது, அதே நாலு நிமிஷப் பின்தங்கலோடு. அதைப் பார்த்தபோது அவருக்கு முடிவு வந்துவிட்டது. இப்படியே கொண்டுபோய்க் காட்டிவிடுவது. நான்தான் குறைத்தேன் என்று சொல்லிவிடுவது. வேலை போகட்டும். தரையிலும் உட்காரலாம்.

ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் முனீஸ்வரனின் மனைவி தங்கச்செல்வி உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்தாள். "அண்ணே, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்னு அவுக சொல்றாக." அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அந்தத் தலையாட்டலில் பொய் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் வெளியே போயிருந்தார். ஹரீஷ் என்ற இளம் போலீஸ்காரர் உட்காரச் சொன்னார். நல்ல பையன். தண்ணீர்கூடக் கொடுத்தார். "வாட்சக் குடுங்க, மாடல் எழுதிக்கிடுறேன்" என்றார். அருஞ்சுனை கழற்றிக் கொடுத்தார். இரண்டு வருஷமாக வெயில் படாத மணிக்கட்டு, வேறு யாருடையதோ போல வெளுத்திருந்தது.

"அட, எங்கிட்டயும் இதே மாடல்தான்யா இருக்கு" என்றார் ஹரீஷ். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தன் போனைப் பார்த்தார். "என்னய்யா இது, நாலு நிமிசம் ஸ்லோவால்ல இருக்கு." உச்சுக் கொட்டினார். உதவி செய்கிறவர்களுக்கே உரிய அந்தச் சுறுசுறுப்போடு இடது பட்டனை அமுக்கிப் பிடித்து, மாற்றுகிற பட்டனைத் தட்டி நிமிஷ எண்ணுக்குப் போனார். எண்கள் மினுங்கின.

அருஞ்சுனை பார்த்துக்கொண்டிருந்தார். சார், தொடாதீங்க என்று சொல்ல வேண்டும். பஸ் ரிவர்ஸில் வரும்போது குறுக்கே ஒரு பிள்ளை ஓடினால் அரை வினாடியில் விசிலடிக்கிற மனிதர். வலது பட்டன் ஒரு தட்டு. ஒரு நிமிஷம் கூடியது. இப்போது சொல்லலாம். இரண்டாவது தட்டு. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நாலாவது. நெஞ்சுக்குள் இத்தனை மாதமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனதுபோல அவருக்கு ஒரு பெருமூச்சு வந்தது. அது தனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதைக் கண்டுதான் அவர் முதலில் நடுங்கினார்.

"இப்பக் கரெக்ட்டு" என்று ஹரீஷ் வாட்சை மேஜையில் வைத்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்ததும் அருஞ்சுனை எழுந்து நின்று சொன்னார். "சார், இந்த வாட்சு நாலு நிமிசம் பின்னால ஓடுச்சு. நான்தான் கொறச்சேன்."

சப்-இன்ஸ்பெக்டர் வாட்சையும் தன் போனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. "எங்கய்யா நாலு நிமிசம்? நாலு செகண்டுகூட இல்லையே."

ஹரீஷின் பேனா நின்றது. தான் என்ன செய்தோம் என்று புரிந்துவிட்டது. அருஞ்சுனையைப் பார்த்தார். அருஞ்சுனையும் அவரைப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருக்கும், பாவம். ஹரீஷ் குனிந்து மாடல் நம்பரை மறுபடியும் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்.

"டிரைவர் தெரிஞ்ச பையன். மனசு கேக்காம இவரே தலையில தூக்கிப் போட்டுக்கிடப் பாக்குறாரு" என்று சப்-இன்ஸ்பெக்டர் இரக்கத்தோடு சொன்னார். "பெரியவரே, தப்பில்ல. ஆனா நாங்க கண்ணால பாத்ததத்தான் எழுதணும்."

அருஞ்சுனை ஒரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொல்லவில்லை.

காகிதத்தில், 'எனது கைக்கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறது' என்று எழுதியிருந்தது. அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். நேரம் என்ற இடத்தில் 11:20 என்று ஹரீஷே எழுதிக்கொண்டார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. தங்கச்செல்வி ஓடி வந்தாள்.

"சொல்லிட்டீகளாண்ணே?"

"சொன்னேம்மா."

"எழுதிக்கிட்டாகளா?"

"எழுதிக்கிட்டாக. கையெழுத்தும் போட்டேன்."

அவள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அழுதாள். "நீங்க ஒருத்தருதாண்ணே அவுகளுக்கு. நான் போயி இப்பவே சொல்றேன், ராத்திரி பூரா கண்ணு மூடல" என்று சொல்லிக்கொண்டே, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி ரோட்டைப் பார்த்து ஓடினாள். அருஞ்சுனை கூப்பிடவில்லை.

அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். காலில் கட்டோடு படுத்திருக்கும் முனீஸ்வரன் அந்தச் செய்தியைக் கேட்டு நம்ப ஒரு நிமிஷம் போதும். அந்தக் காகிதத்தைக் கோர்ட்டில் எடுத்து வாசிக்க எத்தனை மாதமாகுமோ தெரியாது. அதுவரைக்கும் அவன் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அருஞ்சுனை அண்ணனைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டிருப்பான்.